லாரி பின்னோக்கி வருமா? மாறா முடுக்கத்தைப் பற்றி ஒரு விளக்கம்

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டம் ஒன்றிலிருந்து பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்கு வந்து படிக்கும் படிவம் 4 மாணவர் ஒருவர் கேட்ட கேள்விக்கு இது பதில். அவருக்குக் கொடுக்கப்பட்ட கணக்கு இது: செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகும் லாரி ஒன்று, சமதரைச் சாலையில் வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் செல்லும்போது பிரேக் பிடிக்கிறது, அதன் வேகம் ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 5 மீட்டர் வீதம் சீராகக் குறைகிறது, பிரேக் பிடித்ததிலிருந்து 8 வினாடிகளில் லாரி எவ்வளவு தூரம் சென்றிருக்கும்? மாணவர் தமக்குத் தெரிந்த சமன்பாட்டில் எண்களை இட்டு 40 மீட்டர் என்று விடை கண்டிருக்கிறார். விடைத்தாளிலோ 62.5 மீட்டர் என்று இருக்கிறது. கூட்டல் பெருக்கலை மூன்று முறை சரிபார்த்தும் தவறு எங்கே என்று தெரியவில்லை என்கிறார். நான்கு சமன்பாடுகளும் மனப்பாடமாகத் தெரிந்தாலும் எதை எப்போது எடுப்பது என்று புரியவில்லை என்றும், மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது அதன் முடுக்கம் சுழியமா என்பதிலும் ஐயம் இருக்கிறது என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்.

தம்பி, உங்கள் கூட்டல் பெருக்கலில் தவறே இல்லை. 40 மீட்டர் என்பது ஒரு கேள்விக்குச் சரியான விடைதான். ஆனால் அந்தக் கேள்வி உங்கள் லாரியைப் பற்றியதன்று. அது எதைப் பற்றியது என்று கண்டுகொண்டால் நீங்கள் கேட்ட மற்ற இரண்டுக்கும் விடை தானாக வந்துவிடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். பள்ளியில் மலாய் மொழியில் ஹலாஜு, பெச்சுத்தான், செசாரான் என்று நீங்கள் கேட்பவற்றை நான் முறையே திசைவேகம் (திசையோடு சேர்த்துச் சொல்லும் வேகம்), முடுக்கம் (திசைவேகம் மாறும் வீதம்), இடப்பெயர்ச்சி (தொடங்கிய இடத்திலிருந்து எந்தத் திசையில் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது) என்று எழுதுகிறேன்.

ஒரு தாளில் வரைபடம் ஒன்றைப் போடுங்கள். கிடை அச்சில் நேரம், நிலைக்குத்து அச்சில் திசைவேகம். பிரேக் பிடிக்கும் கணத்தில் திசைவேகம் 25. ஒரு வினாடி கழித்து 20. பிறகு 15, 10, 5. ஐந்தாம் வினாடியின் முடிவில் சுழியம். இந்தப் புள்ளிகளைச் சேர்த்தால் கீழ்நோக்கிச் சரியும் ஒரு நேர்கோடு கிடைக்கும். அந்தக் கோட்டுக்கும் கிடை அச்சுக்கும் நடுவில் அடைபடும் பரப்புதான் லாரியின் இடப்பெயர்ச்சி. அடிப்பக்கம் 5, உயரம் 25 கொண்ட முக்கோணம் அது; பரப்பு 5 × 25 ÷ 2, அதாவது 62.5 மீட்டர். லாரி அங்கே நின்றுவிட்டது. மீதி 3 வினாடிகளும் அது நின்ற இடத்திலேயே இருக்கிறது.

நீங்கள் பயன்படுத்திய சமன்பாட்டுக்கு லாரி நின்றது தெரியாது. இடப்பெயர்ச்சி = தொடக்கத் திசைவேகம் × நேரம் + ½ × முடுக்கம் × நேரத்தின் வர்க்கம் என்னும் சமன்பாட்டில் 25, கழித்தல் 5, 8 ஆகிய எண்களை இட்டபோது, கீழே சரியும் அந்தக் கோட்டை அது 8 வினாடி வரை நீட்டிவிட்டது. ஐந்தாம் வினாடிக்குப் பிறகு கோடு கிடை அச்சுக்குக் கீழே இறங்குகிறது. எட்டாம் வினாடியில் திசைவேகம் கழித்தல் 15. அச்சுக்குக் கீழே 3 × 15 ÷ 2, அதாவது 22.5 என்ற பரப்புடைய இன்னொரு முக்கோணம் உருவாகிறது. 62.5-இலிருந்து 22.5-ஐக் கழித்தால் 40. முன்னே 62.5 மீட்டர் போய் நின்று, அதே முடுக்கத்தோடு 22.5 மீட்டர் பின்னோக்கி வந்த ஒரு பொருளின் இடப்பெயர்ச்சியைத்தான் நீங்கள் பிழையின்றிக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். பிரேக் பிடித்த லாரி அப்படிப் பின்னோக்கி வருவதில்லை.

அப்படி வரும் பொருள்கள் உண்டு. மேலே எறிந்த பந்து அப்படித்தான் வருகிறது. வினாடிக்கு 14.7 மீட்டர் வேகத்தில் நேர் மேலே எறிந்த பந்தை எடுத்துக்கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தை வினாடிக்கு வினாடி 9.8 மீட்டர் என்று கொள்கிறேன். உங்கள் பாடநூலில் 9.81 என்று இருக்கும், பூமத்திய ரேகைக்கு அருகில் உள்ள நம் பகுதியில் உண்மை அளவு ஏறத்தாழ 9.78, துருவங்களில் 9.83, எனவே 9.8 இங்கே போதும். பந்து 1.5 வினாடியில் உச்சியை அடைகிறது, அப்போது அதன் உயரம் ஏறத்தாழ 11 மீட்டர், அடுத்த 1.5 வினாடியில் கைக்குத் திரும்பி வருகிறது. அதன் வரைபடத்திலும் கீழே சரியும் நேர்கோடு, அச்சை வெட்டும் இடம், அச்சுக்குக் கீழே இரண்டாவது முக்கோணம் எல்லாம் உண்டு. இரண்டாவது முக்கோணம் இங்கே உண்மையிலேயே நடக்கிறது. லாரிக்கு அது தாளில் மட்டும் இருக்கிறது.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இந்தப் பாடத்தில் முதலில் நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நான் கருதுகிறேன். பந்தின் மீது செயல்படும் ஈர்ப்பு விசை, பந்து மேலே போகிறதா, கீழே வருகிறதா, நிற்கிறதா என்பதைப் பொருட்படுத்துவதில்லை. எப்போதும் ஒரே அளவில் கீழ்நோக்கியே இழுக்கிறது. ஆகவே உச்சியில் திசைவேகம் சுழியமாக இருக்கும் அந்தக் கணத்திலும் முடுக்கம் கீழ்நோக்கி 9.8-தான். முடுக்கமும் அங்கே சுழியமாகிவிட்டால் திசைவேகம் மாறுவதற்குக் காரணமே இராது; பந்து உச்சியிலேயே தங்கிவிடும். திசைவேகம் எவ்வளவு என்பது ஒன்று, அது எந்த விகிதத்தில் மாறிக்கொண்டிருக்கிறது என்பது வேறொன்று. மேலே சொன்ன நேர்கோட்டில் முதலாவது ஒரு புள்ளியின் உயரம், இரண்டாவது கோட்டின் சாய்வு. கோடு அச்சை வெட்டும் இடத்தில் உயரம் சுழியமாகிறது, சாய்வு மாறுவதில்லை.

லாரியை நிறுத்தியது ஈர்ப்பு விசையன்று, சக்கரத்துக்கும் சாலைக்கும் இடையிலுள்ள உராய்வு. உராய்வு இயக்கத்தை எதிர்க்கும். எதிர்ப்பதற்கு இயக்கம் இல்லாதபோது சமதரையில் அதற்கு வேலை இல்லை. லாரி நின்ற அதே கணத்தில் முடுக்கம் கழித்தல் 5-இலிருந்து சுழியத்துக்கு மாறிவிடுகிறது. முடுக்கம் மாறாமல் இருந்த காலம் 5 வினாடி மட்டுமே. சமன்பாடும் அந்த 5 வினாடிக்குத்தான் செல்லும். இதே லாரி என்ஜினை அணைத்து, கியரை விடுவித்து, பிரேக்கையும் தொடாமல் தோட்டத்து மேட்டில் உருண்டு ஏறினால், உராய்வைப் புறக்கணித்த அளவில், அது பந்தைப் போலவே ஓரிடத்தில் நின்று பின்னோக்கி உருளும். அப்போது உங்கள் 40 மீட்டர் போன்ற விடை பொருந்தும். எண்கள் ஒன்றாக இருக்கலாம். முடுக்கம் எங்கிருந்து வருகிறது, எதுவரை நீடிக்கிறது என்பதை எண்கள் சொல்லமாட்டா.

சமன்பாடு தன் எல்லையை அறியாது என்பதற்கு இன்னொரு முகமும் உண்டு. 19.6 மீட்டர் உயரமுள்ள நீர்த்தொட்டியின் மேலிருந்து ஒரு கல்லை வினாடிக்கு 14.7 மீட்டர் வேகத்தில் நேர் மேலே எறிகிறோம். அது எப்போது தரையைத் தொடும்? மேல்நோக்கிய திசையைக் கூட்டல் என்று கொண்டால் இடப்பெயர்ச்சி கழித்தல் 19.6. எண்களை இட்டுச் சுருக்கினால் நேரத்துக்கு இரண்டு விடைகள் வருகின்றன: 4 வினாடி, கழித்தல் 1 வினாடி. பெரும்பாலான மாணவர்கள் கழித்தல் விடையை அடித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அடிப்பது சரிதான், ஆனால் அதற்கு முன் அது என்ன சொல்கிறது என்று ஒரு நிமிடம் பாருங்கள். நீங்கள் எறிவதற்கு 1 வினாடி முன்னால் யாரோ ஒருவர் தரையிலிருந்து வினாடிக்கு 24.5 மீட்டர் வேகத்தில் மேலே எறிந்த கல்லும் இதே கணத்தில் தொட்டியின் உயரத்தை இதே 14.7 மீட்டர் வேகத்தோடு கடந்து, அதன் பிறகு உங்கள் கல்லைப் போலவே போகும். கல் கையை விட்ட நேரம் எது என்று சமன்பாட்டுக்குச் சொல்லப்படவில்லை. அதனால் அது முன்னும் பின்னும் கோட்டை நீட்டிப் பார்க்கிறது. லாரியில் முடிவுக்கு அப்பால் நீட்டியது. இங்கே தொடக்கத்துக்கு முன்னால் நீட்டுகிறது. எந்த இடைவெளியில் அது செல்லும் என்று முடிவு செய்வது கணக்குப் போடுபவரின் பொறுப்பு.

இனிச் சமன்பாடுகளுக்கு வருகிறேன். நான்கையும் நான்கு தனித்தனி உண்மைகளாக மனப்பாடம் செய்வதுதான் தடுமாற்றத்துக்குக் காரணம். அடிப்படையாக உள்ளது ஒரே கூற்று: சமமான நேரங்களில் திசைவேகம் சமமான அளவு மாறுகிறது. மாறா முடுக்கம் என்றால் இவ்வளவுதான். இதை அப்படியே எழுதினால் இறுதித் திசைவேகம் = தொடக்கத் திசைவேகம் + முடுக்கம் × நேரம் என்று முதல் சமன்பாடு கிடைக்கிறது.

இரண்டாவது, சராசரியைப் பற்றியது. ஒருவருக்கு முதல் மாதம் 2,000 ரிங்கிட் சம்பளம், பிறகு மாதந்தோறும் 100 ரிங்கிட் கூடி ஐந்தாம் மாதம் 2,400 ரிங்கிட் என்றால், ஐந்து மாத மொத்த வருமானத்தைக் கூட்டிப் பார்க்காமலே சொல்லலாம்: முதலுக்கும் கடைசிக்கும் நடுவான 2,200-ஐ ஐந்தால் பெருக்கினால் 11,000. சம்பளம் நான்கு மாதம் 2,000-இலேயே நின்று, ஐந்தாம் மாதம் திடீரென்று 2,400 ஆகியிருந்தால் இந்தக் குறுக்குவழி செல்லாது. சீராகக் கூடும்போது மட்டுமே முதலையும் கடைசியையும் கூட்டிப் பாதியாக்கினால் சராசரி கிடைக்கும். ஆகவே இடப்பெயர்ச்சி = தொடக்க, இறுதித் திசைவேகங்களின் கூட்டுத்தொகையில் பாதி × நேரம். இந்த உண்மையை 14ஆம் நூற்றாண்டிலேயே ஆக்ஸ்ஃபர்டின் மெர்ட்டன் கல்லூரி அறிஞர்கள் சொல்லிவிட்டார்கள். அதே நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டு நிக்கோல் ஒரேம் அதைப் படமாக வரைந்து, முக்கோணத்தின் பரப்பு பாதி உயரமுள்ள செவ்வகத்தின் பரப்புக்குச் சமம் என்று காட்டினார். நீங்கள் இப்போது தாளில் போட்ட படத்தின் மூலம் அதுதான்.

மற்ற இரண்டும் இவ்விரண்டிலிருந்து பிறப்பவை. இறுதித் திசைவேகத்தை முதல் சமன்பாட்டிலிருந்து எடுத்து இரண்டாவதில் வைத்தால், இடப்பெயர்ச்சி தொடக்கத் திசைவேகம் × நேரம் என்னும் செவ்வகமாகவும், அதன் மேல் உட்கார்ந்திருக்கும் ½ × முடுக்கம் × நேரத்தின் வர்க்கம் என்னும் முக்கோணமாகவும் பிரிகிறது. அந்தப் பாதி எங்கிருந்து வந்தது என்று ஆண்டுதோறும் கேட்கப்படுகிறது. முக்கோணத்தின் பரப்பிலிருந்து வந்தது, வேறு மர்மம் எதுவும் இல்லை. நேரத்தை முதல் சமன்பாட்டிலிருந்து எடுத்து இரண்டாவதில் வைத்தால், இறுதித் திசைவேகத்தின் வர்க்கம் = தொடக்கத் திசைவேகத்தின் வர்க்கம் + 2 × முடுக்கம் × இடப்பெயர்ச்சி என்று நேரமே இல்லாத சமன்பாடு வருகிறது. இவற்றை ஒருமுறையாவது உங்கள் கையாலேயே வருவித்துப் பாருங்கள்; அதன் பிறகு மறந்தாலும் தேர்வு மண்டபத்தில் இரண்டு நிமிடத்தில் மீட்டுக்கொள்ளலாம்.

சராசரியைப் பற்றிய இந்தக் கருத்து எவ்வளவு முக்கியமானது என்பது ஆய்வுக்கூடத்தில் தெரியும். ஜங்கா மாசா டெத்திக் என்று பள்ளியில் சொல்லும் கருவி, மின்சாரம் வினாடிக்கு 50 முறை துடிப்பதைக் கொண்டு, தள்ளுவண்டி இழுத்துச் செல்லும் காகித நாடாவில் வினாடிக்கு 50 புள்ளிகள் குத்துகிறது. அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையே 0.02 வினாடி, ஐந்து இடைவெளி கொண்ட துண்டு ஒன்றுக்கு 0.1 வினாடி. இரண்டு மீட்டர் நீளப் பலகையின் ஒரு முனையை 20 சென்டிமீட்டருக்குச் சற்று மேலாக உயர்த்தி வண்டியை உருளவிட்டால், உராய்வு போக முடுக்கம் வினாடிக்கு வினாடி 1 மீட்டர் அளவில் இருக்கும். நாடாவைத் துண்டு துண்டாக வெட்டி, அடிப்பக்கத்தைச் சமமாக வைத்து வரிசையாக ஒட்டினால் 2, 3, 4, 5, 6 சென்டிமீட்டர் என்று ஒவ்வொன்றும் ஒரே அளவு உயர்ந்துகொண்டே போகும் படிக்கட்டு கிடைக்கிறது. துண்டின் நீளம் அந்த 0.1 வினாடியின் சராசரித் திசைவேகத்தைக் காட்டுவதால், அந்தப் படிக்கட்டே திசைவேக வரைபடம். அதைப் பசையால் ஒட்டி முடித்து, மேல்முனைகளின் நடுப்புள்ளிகளை அளவுகோலால் சேர்க்கும்போது நேர்கோடு அமைவதைப் பார்க்கும் மாணவர்கள் இந்தப் பாடத்தைப் பிறகு மறப்பதில்லை. இதனால்தான் இந்தச் சோதனையைக் கணினித் திரையில் மட்டும் காட்டி முடிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இங்கே ஒரு தவறு திரும்பத் திரும்ப வருகிறது. முதல் துண்டின் சராசரி வினாடிக்கு 20 சென்டிமீட்டர், ஐந்தாவதன் சராசரி 60, மாற்றம் 40. மொத்த நேரம் 0.5 வினாடி என்று வகுத்து முடுக்கம் 80 என்று எழுதுகிறார்கள். சரியான விடை 100. சீராகக் கூடும் இயக்கத்தில் ஒரு துண்டின் சராசரித் திசைவேகம் அந்தத் துண்டின் நடுக்கணத்தில் வண்டிக்கு இருந்த திசைவேகமாகும். முதல் துண்டின் நடுவிலிருந்து ஐந்தாவதன் நடுவரை உள்ள நேரம் 0.4 வினாடிதான். "துண்டுகளின் எண்ணிக்கையிலிருந்து ஒன்றைக் கழி" என்று சூத்திரமாகச் சொல்லிக்கொடுத்தால் மாணவர் அதை எல்லா இடத்திலும் கழித்துவிடுவார். மொத்தத் தூரத்தைக் கேட்டால் ஐந்து துண்டுகளையும்தான் சேர்க்க வேண்டும். நடுக்கணம் என்ற காரணம் தெரிந்தால் இரண்டும் குழம்பாது.

அடுத்து, நேரத்தோடு சீராக மாறுவதையும் தூரத்தோடு சீராக மாறுவதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இதில் தடுமாறுவது இயல்பு. கலிலியோவே 1604இல் பாவ்லோ சார்ப்பிக்கு எழுதிய கடிதத்தில், விழும் பொருளின் வேகம் அது கடந்த தூரத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்று எழுதினார். ஓய்விலிருந்து புறப்படும் பொருளுக்கு அது பொருந்தாது: தூரம் சுழியமாக இருக்கும்போது வேகமும் சுழியம், வேகம் சுழியமாக இருக்கும்வரை தூரம் கூடாது, ஆகவே பொருள் புறப்படவே முடியாது. பின்னர் அவர் கருத்தை மாற்றிக்கொண்டார். 1638இல் லெய்டன் நகரில் அச்சான தம் நூலில், மரக்கட்டையில் வழவழப்பான பள்ளம் வெட்டி, அதில் தோல்தாள் ஒட்டி, வெண்கல உருண்டையைச் சாய்வில் உருட்டிய சோதனையை விவரிக்கிறார். கடிகாரம் போதாத காலம் அது. தொட்டியிலிருந்து மெல்லிய குழாய் வழியாக ஒழுகிய நீரைப் பிடித்து எடை போட்டு நேரத்தை அளந்தார். தூரம் நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்பதே முடிவு. ஓய்விலிருந்து தொடங்கினால் அடுத்தடுத்த சம நேரங்களில் கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்னும் ஒற்றைப்படை எண்களின் விகிதத்தில் அமையும்: தடையின்றி விழும் பொருள் முதல் வினாடியில் 4.9 மீட்டர், இரண்டாவதில் 14.7, மூன்றாவதில் 24.5.

இதன் பொருளைத் தோட்டத்தில் வைத்துப் பாருங்கள். முதிர்ந்த செம்பனை மரத்தில், நீண்ட கழியின் நுனியில் கட்டிய அரிவாளால் வெட்டப்பட்ட குலை ஒன்று 12 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. தரையைத் தொட ஏறத்தாழ 1.56 வினாடி ஆகிறது. முதல் 6 மீட்டருக்கு 1.11 வினாடி, கடைசி 6 மீட்டருக்கு 0.46 வினாடி மட்டுமே. பாதி உயரத்தில் அதன் வேகம் மணிக்கு 39 கிலோமீட்டர். தரையைத் தொடும்போது மணிக்கு 55 கிலோமீட்டர். குலை பாதி வழியில் வருவதைக் கண்ட பிறகு விலகிக்கொள்ளலாம் என்று நினைப்பவருக்கு மிச்சம் இருப்பது அரை வினாடிக்கும் குறைவு. வெட்டுபவர் குலை விழும் இடத்தை முன்கூட்டியே கணித்து ஒதுங்கி நின்றுகொண்டு கழியை இழுப்பதற்குக் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

பிரேக் பிடிக்கும் லாரியில் இதே கணக்கு தலைகீழாக நடக்கிறது. நிற்க ஆகும் 5 வினாடியில் பாதி, அதாவது 2.5 வினாடி கழிந்தபோது வேகம் பாதியாகிவிட்டது, ஆனால் 62.5 மீட்டரில் முக்கால் பங்குக்குச் சரியாக, ஏறத்தாழ 47 மீட்டர், கடந்தாயிற்று. தூரத்தில் பாதி, அதாவது 31.25 மீட்டர் கடந்தபோது வேகம் இன்னும் வினாடிக்கு 17.7 மீட்டர், மணிக்கு ஏறத்தாழ 64 கிலோமீட்டர். தொடக்க வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். பாதித் தூரத்தில் பாதி வேகம் இருக்கும் என்று மனம் எதிர்பார்க்கிறது, அப்படி இருப்பதில்லை. நிற்கத் தேவைப்படும் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், வேகம் இரு மடங்கானால் தூரம் நான்கு மடங்காகிறது.

எந்தச் சமன்பாட்டை எடுப்பது என்ற கேள்விக்கு விடை எளிது. தொடக்கத் திசைவேகம், இறுதித் திசைவேகம், முடுக்கம், நேரம், இடப்பெயர்ச்சி என்று அளவுகள் ஐந்து. ஒவ்வொரு சமன்பாட்டிலும் நான்குதான் இருக்கும், ஒன்று விடுபட்டிருக்கும். கணக்கில் கொடுக்கப்படாததும் கேட்கப்படாததும் எதுவோ, அது இல்லாத சமன்பாட்டை எடுங்கள். குலை எவ்வளவு வேகத்தில் தரையைத் தொடும் என்ற கேள்வியில் நேரம் கொடுக்கப்படவுமில்லை, கேட்கப்படவுமில்லை. ஆகவே நேரம் இல்லாத சமன்பாடு. இது ஒரு வசதி மட்டுமே. வேறு சமன்பாட்டில் தொடங்கினாலும், இரண்டு படிகள் கூடுதலாகும், விடை மாறாது.

குறிகளில் கவனம் வேண்டும். எந்தத் திசை கூட்டல் என்று கணக்கின் தலைப்பிலேயே எழுதிவிட்டு, கடைசிவரை அதை மாற்றாதீர்கள். முடுக்கத்தின் முன் கழித்தல் குறி இருந்தால் வேகம் குறைகிறது என்று பொருளாகாது. பந்து கீழே வரும்போதும் மேல்நோக்கிய திசையைக் கூட்டலாகக் கொண்டால் முடுக்கம் கழித்தல்தான், ஆனால் வேகம் கூடிக்கொண்டே போகிறது. திசைவேகமும் முடுக்கமும் ஒரே குறியில் இருந்தால் வேகம் கூடும். எதிர்க்குறியில் இருந்தால் குறையும்.

இயக்கத்தில் முடுக்கம் இடையில் மாறினால் அந்த இடத்தில் கணக்கை வெட்டி இரண்டாக்க வேண்டும். சாலையில் மாடு நிற்பதைக் கண்டு ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க 1 வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 1 வினாடியில் லாரி மாறா வேகத்தில் 25 மீட்டர் ஓடிவிடுகிறது, பிறகு 62.5 மீட்டர், மொத்தம் 87.5 மீட்டர். தொடக்கம் 25, இறுதி சுழியம், நேரம் 6 வினாடி என்று ஒரே சமன்பாட்டில் போட்டால் 75 மீட்டர் என்று வரும். மாட்டின் உயிர் அந்த 12.5 மீட்டரில் இருக்கிறது. வரைபடத்தில் முதலில் செவ்வகம், பிறகு முக்கோணம். இரண்டையும் ஒரே முக்கோணமாகக் கருதியதுதான் பிழை. முதல் கட்டத்தின் இறுதித் திசைவேகமே அடுத்த கட்டத்தின் தொடக்கத் திசைவேகம் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் எத்தனை கட்டங்கள் வந்தாலும் கோத்துவிடலாம்.

கடைசியாக, முடுக்கம் உண்மையில் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கனமான குலைக்கு 12 மீட்டர் வீழ்ச்சியில் காற்றின் தடை அதன் எடைக்கு முன்னால் சிறியது. மேலே கண்ட எண்களை நம்பலாம். அதனோடு உதிர்ந்து விழும் ஒற்றைப் பழத்துக்குத் தடையின் பங்கு கூடுதல், அது சற்றுப் பிந்தும். காய்ந்த இலைக்கு இந்தச் சமன்பாடுகள் அறவே பொருந்தா. மழைத்துளி விரைவிலேயே மாறா வேகத்தை எட்டிவிடுகிறது, அதன் முடுக்கம் சுழியமாகிறது. காற்றில்லாத நிலவில் 1971இல் அப்பல்லோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் சுத்தியலையும் இறகையும் ஒன்றாக விட்டபோது இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன. அங்கே முடுக்கம் வினாடிக்கு வினாடி 1.62 மீட்டர், இறகுக்கும் அதே சமன்பாடு செல்லும்.

நம் ஊர் வழியாகப் போகும் இ.டி.எஸ். என்னும் மின்சார ரயிலும் நல்ல எடுத்துக்காட்டு. நிலையத்திலிருந்து புறப்படும்போது அதன் முடுக்கம் வினாடிக்கு வினாடி 0.5 மீட்டர் என்றும், அது கடைசிவரை மாறாது என்றும் வைத்துக்கொண்டால், மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 78 வினாடியும் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டரும் ஆகும். ஆனால் மோட்டாரின் திறனுக்கு ஓர் எல்லை உண்டு. வேகம் கூடக்கூட அதே திறனால் தரக்கூடிய இழுவிசை குறைகிறது, காற்றின் தடையோ கூடுகிறது. வரைபடத்தில் கோடு தொடக்கத்தில் நேராக ஏறி, பிறகு மெல்ல வளைந்து படுக்கும். அதனால் உண்மையில் ஆகும் நேரமும் தூரமும் இந்தக் கணக்கு சொல்வதைவிடக் கூடுதலாக இருக்கும். அப்போதும் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்புதான் இடப்பெயர்ச்சி. அந்த வளைகோட்டைப் பத்துப் பத்து வினாடியாக நறுக்கி, ஒவ்வொரு நறுக்கையும் நேர்கோடாகக் கொண்டு, அதன் பரப்பைக் கண்டு கூட்டினால் விடை நெருங்கி வரும். நறுக்கைச் சிறிதாக்கினால் இன்னும் நெருங்கும்.